கிட்ஹப்பில் குழுவோடு வேலை: புதிதாகச் சேர்பவருக்கு

குழுவில் சேர்ந்த அன்றே உங்கள் மின்னஞ்சலுக்கு ஓர் அழைப்பு வரும். இன்ன ரெப்போவில் (ஒரு வேலையின் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) பங்கேற்க இன்னார் உங்களை அழைத்திருக்கிறார் என்று அதில் இருக்கும். அன்றே ஏற்றுக்கொண்டுவிடுங்கள். 7 நாள் போனால் அழைப்பு காலாவதியாகிவிடும், மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். உள்ளே போனதும் மேலே வரிசையாகச் சில தாவல்கள் தெரியும்: கோட், இஷ்யூஸ், புல் ரிக்வெஸ்ட்ஸ், ஆக்‌ஷன்ஸ், புராஜெக்ட்ஸ். எதை முதலில் தொடுவது, எதைத் தொட்டால் மற்றவர் வேலை கெட்டுப்போகும் என்று புரியாமல் ஒரு பயம் வரும். அந்தப் பயம் போவதற்காக, ஒரே ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொண்டு, அது தொடங்குவதிலிருந்து முடிவது வரை இந்தத் தளத்தில் என்னென்ன நடக்கிறது என்று கூடவே நடந்து காட்டுகிறேன்.

கிட்ஹப்பை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். கிட்லேப், பிட்பக்கெட், கோட்பெர்க் ஆகிய இதே மாதிரித் தளங்களில் பெயர்கள் கொஞ்சம் மாறும். புல் ரிக்வெஸ்டை கிட்லேபில் மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்பார்கள். வேலை நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கிட் வேறு, கிட்ஹப் வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முதல் வாரத்துச் சிக்கல்களில் பாதி வருகிறது. கிட் உங்கள் கணினியில் ஓடும் மென்பொருள், கோப்புகளில் நடக்கும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும். லினக்ஸ் கர்னல் வேலைக்குப் பயன்பட்டுவந்த, இதே வேலையைச் செய்யும் பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச அனுமதி நின்றுபோனபோது, அதற்கு மாற்றாக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது. கிட்ஹப் 2008-ல் வந்த இணையத்தளம், 2018-லிருந்து மைக்ரோசாஃப்ட் வசம் இருக்கிறது. கிட் பதிந்து வைக்கும் வரலாற்றை எல்லோரும் எட்டும் ஓர் இடத்தில் வைத்து, அதைச் சுற்றிப் பேச்சு, சோதனை, அனுமதி எல்லாவற்றையும் சேர்த்துத் தருவதுதான் கிட்ஹப்பின் வேலை.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? கமிட் செய்தால், அதாவது மாற்றத்தைக் கிட்டின் வரலாற்றில் சேர்த்தால், அது உங்கள் கணினியில் மட்டும்தான் பதியும். அதைக் கிட்ஹப்புக்கு அனுப்பிய பிறகுதான், அதாவது புஷ் செய்த பிறகுதான், மற்றவர்களுக்குத் தெரியும். "நேற்றே கமிட் பண்ணிட்டேனே, உங்களுக்கு வரலையா?" என்ற கேள்வி எல்லாக் குழுக்களிலும் ஒருமுறையாவது எழும். இதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. புஷ் செய்யாதவரை உங்கள் கணினியில் நீங்கள் என்ன செய்தாலும் வேறு யாருடைய வேலைக்கும் ஒன்றும் ஆகாது. தைரியமாகச் செய்து பார்க்கலாம்.

கணக்கும் சாவியும்

கணக்குத் தொடங்கியதும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள். அப்போது அது தரும் மீட்புக் குறியீடுகளைக் கைபேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் வேறோர் இடத்திலும் வையுங்கள். கைபேசி தொலைந்தால் கணக்குக்குள் நுழைய அவைதான் வழி.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினலிலிருந்து புஷ் செய்யும்போது கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் ஏற்காது. 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். எஸ்எஸ்எச் சாவியோ (உங்களை அடையாளம் காட்டும் கோப்பு இணை) தனிப்பட்ட அணுகல் டோக்கனோ (கடவுச்சொல்லுக்குப் பதிலான குறியீடு) வேண்டும். நான் எஸ்எஸ்எச் சாவியைத்தான் சொல்வேன், ஒருமுறை அமைத்துவிட்டால் அப்புறம் அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. சாவி உருவாக்கும்போது இரண்டு கோப்புகள் கிடைக்கும். 'டாட் பப்' என்று முடிவது பொதுச் சாவி, அதில் உள்ளதை மட்டும் கிட்ஹப்பின் அமைப்புகள் பக்கத்தில் ஒட்டுங்கள். மற்றது உங்கள் கணினியை விட்டு எங்கேயும் போகக் கூடாது, யார் கேட்டாலும்.

அடுத்து, உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் 'கிட் கான்ஃபிக்' வழியாகக் கணினியில் பதிந்துவைக்க வேண்டும். கிட்ஹப் கணக்கில் சேர்த்திருக்கும் அதே மின்னஞ்சல் இங்கேயும் இருக்கட்டும். வேறு ஒன்றைக் கொடுத்தால் உங்கள் கமிட்டுகள் உங்கள் கணக்கோடு சேராமல், ஊர் பேர் தெரியாத ஒருவர் செய்ததுபோல் நிற்கும். சொந்த மின்னஞ்சல் வெளியே தெரிய வேண்டாம் என்றால், கிட்ஹப்பே ஒரு மாற்று முகவரி தருகிறது, அதைப் பயன்படுத்தலாம்.

ரெப்போவை யார் பெயரில் தொடங்குவது

நீங்களே புதிதாக ஒரு குழு வேலையைத் தொடங்குகிறீர்கள் என்றால் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒருவருடைய சொந்தக் கணக்கில் ரெப்போவைத் தொடங்கினால், உரிமையாளர், பங்கேற்பாளர் என்று இரண்டே நிலைதான். குழுவுக்கான பொதுக் கணக்கான ஆர்கனைசேஷன் ஒன்றை உருவாக்கி அதற்குள் வைத்தால் ரீட், ட்ரையாஜ், ரைட், மெயின்டெய்ன், அட்மின் என்று ஐந்து நிலைகளில் அனுமதி பிரித்துக் கொடுக்கலாம். பிழைகளை மட்டும் பதிவுசெய்து வகைப்படுத்துபவருக்கு ட்ரையாஜ் போதும், நிரல் எழுதுபவருக்கு ரைட் போதும். இரண்டு பேர் அட்மினாக இருக்கட்டும். ஒரே ஒருவர் மட்டும் அட்மினாக இருந்து, அவரை எட்ட முடியாமல் போனால் மொத்த வேலையும் நின்றுவிடும்.

உருவாக்கும்போதே ரீட்மீ கோப்பும் (வேலையைப் பற்றிய அறிமுகமும் நிறுவும் வழியும்), உங்கள் நிரல் மொழிக்கேற்ற 'கிட்இக்னோர்' கோப்பும் (கிட் பதியக் கூடாத கோப்புகளின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள். பொது ரெப்போ என்றால் உரிமமும் வேண்டும். உரிமம் எதுவும் இல்லாவிட்டால் நிரலைப் பார்க்கலாமே தவிர, எடுத்துப் பயன்படுத்த மற்றவர்களுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. திறந்த மூலம் என்று நினைத்து உரிமம் வைக்க மறந்த ரெப்போக்கள் ஏராளம்.

வேலை இஷ்யூவில் தொடங்குகிறது

சரி, இனி நம் வேலைக்கு வருவோம். ஒரு பயனர் லாகின் செய்ய முடியவில்லை என்கிறார். தேடிப் பார்த்தால், கைபேசி விசைப்பலகை மின்னஞ்சலைத் தானாக நிரப்பும்போது கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடுகிறது. நம் நிரல் அந்த இடைவெளியோடு சேர்த்தே கணக்கைத் தேடுகிறது.

இதை இஷ்யூவாக, அதாவது தீர்க்க வேண்டிய வேலையின் குறிப்பாக, கிட்ஹப்பில் பதிய வேண்டும். "லாகின் வேலை செய்யவில்லை" என்று தலைப்பு வைத்தால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "மின்னஞ்சலின் கடைசியில் இடைவெளி இருந்தால், கணக்கு இல்லை என்கிறது" என்று வைத்தால் தலைப்பிலேயே பாதி வேலை முடிந்தது. உள்ளே மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. திரையின் படம் இருந்தால் இழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் பிழைச் செய்தியைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் ஒட்டுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடலில் பிடிக்க முடியாது, அடுத்த மாதம் அதே பிழையில் சிக்குபவருக்கு உங்கள் இஷ்யூ கிடைக்காமலே போய்விடும்.

பதிந்ததும் அதற்கு ஓர் எண் கிடைக்கும். நம்முடையது #47 என்று வைத்துக்கொள்வோம். 'பக்' என்ற லேபிளை ஒட்டி, யார் எடுத்துச் செய்யப்போகிறார் என்பதை அசைனீயில் போடுங்கள். லேபிள்களைப் பொறுத்தவரை கிட்ஹப் தானாகவே தரும் சிலவே சிறிய குழுவுக்குப் போதும். முதல் வாரத்திலேயே முப்பது லேபிள் உருவாக்கி வைத்தால் யாரும் ஒட்டமாட்டார்கள்.

மைல்ஸ்டோன், புராஜெக்ட்ஸ் பலகை இரண்டும் இஷ்யூக்கள் இருபது முப்பது சேர்ந்த பிறகு உதவும். குறிப்பிட்ட தேதிக்குள் முடிய வேண்டியவற்றை ஒன்றாகக் கட்ட மைல்ஸ்டோன். எது காத்திருக்கிறது, எது நடக்கிறது, எது முடிந்தது என்று ஒரே பார்வையில் பார்க்கப் பலகை. அதுவரை இஷ்யூ பட்டியலே போதும்.

பிராஞ்ச், கமிட்

பிராஞ்ச் என்பது நிரலின் வரலாற்றில் தனியாகப் பிரியும் கிளை. குழுவின் முதன்மைக் கிளையான மெயின் பிராஞ்ச் எப்போதும் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். குழு வேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி இதுதான். யார் எந்த நிமிடம் அதை இறக்கி ஓட்டினாலும் ஓட வேண்டும். அதனால் யாரும் அதில் நேரடியாக வேலை செய்வதில்லை.

ரெப்போவை உங்கள் கணினிக்கு நகலெடுத்த (குளோன் செய்த) பின், மெயினுக்கு வந்து 'கிட் புல்' கொடுத்து, இன்றைய நிலையை இறக்கிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்துவிட்டுப் போன வார நிலையிலிருந்து கிளம்பினால், கடைசியில் மோதல்கள் உறுதி. பிறகு 'கிட் ஸ்விட்ச்', ஒரு ஹைஃபன் சி, அப்புறம் புதிய பிராஞ்சின் பெயர். பெயரில் இஷ்யூ எண் இருந்தால் நல்லது: '47-லாகின்-இடைவெளி'. ஒரு பிராஞ்ச் ஓரிரு நாளில் முடிந்துவிட வேண்டும். இரண்டு வாரம் தனியாகவே வளரும் பிராஞ்ச், மெயினிலிருந்து விலகிப் போய்க்கொண்டே இருக்கும், திரும்பச் சேர்ப்பது தனி வேலையாகிவிடும்.

திருத்தத்தை எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கமிட் செய்யத் தோன்றும். பொறுங்கள். முதலில் 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்து, என்னென்ன கோப்புகள் மாறியிருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் எதிர்பாராத ஒன்று அதில் இருக்கும். 'கிட் ஆட்' கட்டளையோடு ஹைஃபன் பி சேர்த்தால், மாற்றங்களை ஒவ்வொரு துண்டாகக் காட்டி, இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். சோதித்துப் பார்ப்பதற்காக நடுவில் போட்ட பிரிண்ட் வரிகள் இங்கேதான் பிடிபடும்.

கமிட் செய்தியின் முதல் வரி ஐம்பது எழுத்துகளுக்குப் பக்கத்தில் முடியட்டும். ஒரு வரி இடம் விட்டு, கீழே காரணத்தை எழுதுங்கள். நம் கமிட்டுக்கு இப்படி எழுதலாம்:

லாகின் மின்னஞ்சலின் ஓர இடைவெளியை நீக்கு

கைபேசி விசைப்பலகை தானாக நிரப்பும்போது கடைசியில்
இடைவெளி சேர்கிறது. அதோடு தேடுவதால் கணக்கு
கிடைக்கவில்லை. கடவுச்சொல்லில் இடைவெளி ஒரு பகுதியாக
இருக்கலாம் என்பதால் அதைத் தொடவில்லை.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். செய்ததை நிரலே காட்டிவிடும். தெரிந்தே செய்யாமல் விட்டதை நிரல் காட்டாது. ஆறு மாதம் கழித்து ஒருவர் "கடவுச்சொல்லுக்கும் இதையே செய்துவிடலாமே" என்று நினைக்கும்போது, இந்த ஒரு வரி அவரைத் தடுத்து நிறுத்தும்.

புல் ரிக்வெஸ்ட்

பிராஞ்சைப் புஷ் செய்ததும் கிட்ஹப் பக்கத்தில் புல் ரிக்வெஸ்ட் தொடங்குவதற்கான பொத்தான் தெரியும். என் மாற்றங்களைப் பார்த்து, சரியாக இருந்தால் மெயினில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று குழுவிடம் வைக்கும் வேண்டுகோள் அது. குழு உண்மையில் பேசிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விளக்கத்தில் 'ஃபிக்சஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் #47 போட்டால், இது மெர்ஜ் ஆனதும், அதாவது மெயினில் சேர்ந்ததும், அந்த இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். 'க்ளோசஸ்', 'ரிசால்வ்ஸ்' என்ற சொற்களும் இதைச் செய்யும். புல் ரிக்வெஸ்ட் ரெப்போவின் முதன்மை பிராஞ்சை நோக்கி இருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். வேறு பிராஞ்சில் சேர்த்துவிட்டு இஷ்யூ மூடவில்லையே என்று தேட வேண்டாம்.

இன்னும் முடியவில்லை, ஆனால் போகும் வழி சரியா என்று கேட்க வேண்டுமென்றால், டிராஃப்ட்டாகத் திறங்கள். டிராஃப்ட்டை யாரும் தவறுதலாக மெர்ஜ் செய்ய முடியாது. மூன்று நாள் தனியாக எழுதி முடித்தபின் "வேற மாதிரி செய்திருக்கலாமே" என்று கேட்பதைவிட, முதல் நாளே டிராஃப்ட்டைக் காட்டிக் கேட்டுவிடுவது எவ்வளவோ நல்லது.

மாற்றங்களைப் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூவுக்கு மற்றவரை அழைக்கும் முன் 'ஃபைல்ஸ் சேஞ்ச்ட்' தாவலைத் திறந்து, உங்கள் மாற்றங்களை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். எடிட்டரில் பார்க்கும்போது கண்ணில் படாத தவறு இங்கே பளிச்சென்று தெரியும். எழுதியவர் இடத்திலிருந்து படிப்பவர் இடத்துக்கு நகர்வதாலோ என்னவோ, எனக்கு ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடுகிறது.

அளவும் முக்கியம். ஐம்பது வரி மாற்றத்தை ஒருவர் உண்மையாகவே படிப்பார். ஆயிரத்து ஐந்நூறு வரி என்றால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்துவிடுவார். அது அவருடைய குற்றமில்லை. கோப்பின் வடிவத்தை ஒழுங்குசெய்வதும் பிழை திருத்துவதும் ஒரே புல் ரிக்வெஸ்டில் கலந்தால், நானூறு வரி இடைவெளி மாற்றங்களுக்கு நடுவே உண்மையான இரண்டு வரி ஒளிந்துகொள்ளும். இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள்.

ரிவ்யூ செய்பவர் பக்கம்

ரிவ்யூ செய்பவர் வரியின் மேல் சுட்டியை வைத்தால் ஒரு கூட்டல் குறி வரும், அதை அழுத்திக் கருத்து எழுதலாம். ஒவ்வொன்றையும் தனியாக அனுப்பாமல் 'ஸ்டார்ட் எ ரிவ்யூ' கொடுத்தால் எல்லாக் கருத்துகளும் சேர்ந்து ஒரே அறிவிப்பாகப் போகும். பத்துத் தனித்தனி மின்னஞ்சல் வாங்குபவரின் மனநிலையை நினைத்தால் இதன் அருமை புரியும். முடிவில் மூன்று வழி: வெறும் கருத்து, ஒப்புதல், மாற்றம் கோருதல். தன் புல் ரிக்வெஸ்டுக்குத் தானே ஒப்புதல் கொடுத்துக்கொள்ள முடியாது.

மாற்று வரியே மனத்தில் இருந்தால், 'சஜஷன்' வசதியில் அதை எழுதிக் கொடுக்கலாம். எழுதியவர் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொள்ளலாம், அது கமிட்டாகவே சேர்ந்துவிடும். எழுத்துப்பிழை, மாறிப் பெயர் போன்றவற்றுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

எப்படி எழுதுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். "இது தப்பு" என்று எழுதினால் எதிரே இருப்பவருக்குக் கோபம் வரும், தகவல் எதுவும் கிடைக்காது. "மின்னஞ்சல் காலியாக வந்தால் இந்த வரியில் என்ன ஆகும்?" என்று கேட்டால் அவரே போய்ப் பார்த்துத் திருத்துவார், அல்லது அது ஏன் நடக்காது என்று விளக்குவார். கட்டாயம் மாற்ற வேண்டியது எது, வெறும் விருப்பம் எது என்பதையும் கருத்தின் முதல் சொல்லிலேயே குறித்துவிடுங்கள். நல்லதைப் பார்த்தால் அதையும் எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு "இந்தச் சோதனை ரொம்ப உதவியாக இருந்தது" என்ற ஒரு வரி பல நாள் தெம்பு தரும்.

மோதல் வந்தால்

மெர்ஜ் கான்ஃபிளிக்ட் என்ற சொல்லைக் கேட்டாலே புதியவர்கள் பதறுகிறார்கள். ஒரே இடத்தை இரண்டு பேர் வெவ்வேறாக மாற்றியிருக்கிறீர்கள், எது வேண்டும் என்று கிட் கேட்கிறது, அவ்வளவுதான். நீங்கள் #47-ஐச் செய்துகொண்டிருந்தபோதே இன்னொருவர் அதே வரியில் பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக மாற்றும் வேலையை முடித்து மெயினில் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மெயினை உங்கள் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்யும்போது கோப்பு இப்படி இருக்கும்:

<<<<<<< ஹெட்
மின்னஞ்சல் = உள்ளீடு.ட்ரிம்()
=======
மின்னஞ்சல் = உள்ளீடு.லோயர்கேஸ்()
>>>>>>> மெயின்

மேலே இருப்பது உங்கள் பிராஞ்சில் உள்ளது, நடுக்கோட்டுக்குக் கீழே இருப்பது மெயினிலிருந்து வருவது. மெர்ஜுக்குப் பதில் ரீபேஸ் செய்தால், அதாவது உங்கள் கமிட்டுகளை மெயினின் நுனியில் அடுக்கினால், இந்த இரண்டும் இடம் மாறும், கவனம். எடிட்டரில் 'என்னுடையதை வைத்துக்கொள்', 'வருவதை வைத்துக்கொள்' என்று பொத்தான்கள் இருக்கும். இங்கே இரண்டில் எதை அழுத்தினாலும் தவறுதான். ஒன்றை அழுத்தினால் அவர் வேலை போய்விடும், இன்னொன்றை அழுத்தினால் உங்கள் வேலை போய்விடும். வேண்டியது இது:

மின்னஞ்சல் = உள்ளீடு.ட்ரிம்().லோயர்கேஸ்()

குறிகள் இருந்த மூன்று வரிகளையும் அழித்துவிட்டு, நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, 'கிட் ஆட்', 'கிட் கமிட்' கொடுத்தால் மோதல் தீர்ந்தது. அடுத்தவர் அந்த வரியை ஏன் மாற்றினார் என்று புரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம், அவரிடமே கேளுங்கள். நடுவழியில் குழம்பிப்போனால் 'கிட் மெர்ஜ்' கட்டளையோடு இரட்டை ஹைஃபன் அபார்ட் (கைவிடு) சேர்த்துக் கொடுங்கள், தொடங்குவதற்கு முன் இருந்த நிலைக்கே திரும்பிவிடலாம்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வெற்று ரெப்போ தொடங்கி, அதில் ஒரே வரியை வேண்டுமென்றே இருவரும் மாற்றி, மோதலை வரவழைத்து, தீர்த்துப் பாருங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். உண்மையான வேலையில் முதல் மோதல் வரும்போது கை நடுங்காது.

இயந்திரம் பார்க்க வேண்டியதை இயந்திரம் பார்க்கட்டும்

நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளை ஒவ்வொருவரும் நினைவாக ஓட்டுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. ரெப்போவில் 'டாட் கிட்ஹப்' என்ற கோப்புறைக்குள் 'வொர்க்ஃப்ளோஸ்' என்ற கோப்புறை வைத்து, எதை ஓட்ட வேண்டும் என்று ஒரு யாமல் கோப்பில் (அமைப்புகளை எழுதும் எழுத்துக் கோப்பு) எழுதிவிட்டால், ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் கிட்ஹப்பின் தானியங்கி வசதியான ஆக்‌ஷன்ஸ் தானாகச் சோதனைகளை ஓட்டும். பச்சை டிக் வந்தால் தேறியது, சிவப்புக் குறி வந்தால் எங்கேயோ உடைந்திருக்கிறது. சிவப்பைச் சொடுக்கினால் எந்தப் படியில் நின்றது என்ற பதிவு வரும். கீழேயிருந்து மேலாகப் படியுங்கள், காரணம் பெரும்பாலும் கடைசி சில வரிகளில் இருக்கும். பொது ரெப்போவுக்கு வழக்கமான இயந்திரங்களில் ஓட்டுவது இலவசம். தனி ரெப்போவுக்கு இலவசத் திட்டத்தில் மாதம் 2,000 நிமிடம் வரை கிடைக்கும்.

இதோடு பிராஞ்ச் பாதுகாப்பு விதிகளையும் சேர்த்துவிட்டால் மெயினைப் பற்றிய கவலை தீர்ந்தது. ரெப்போவின் அமைப்புகளில் போய், புல் ரிக்வெஸ்ட் இல்லாமல் மெயினில் எதுவும் சேரக் கூடாது, ஒருவராவது ஒப்புதல் தர வேண்டும், சோதனைகள் தேற வேண்டும், வரலாற்றை மேலெழுதும் ஃபோர்ஸ் புஷ் கூடாது என்று அமைக்கலாம். இலவசத் திட்டத்தில் பொது ரெப்போக்களுக்கு மட்டும்தான் இந்த விதிகள் கிடைக்கும். உங்களுடையது இலவசத் தனி ரெப்போ என்றால், இதே விதிகளைக் குழுவின் ஒப்பந்தமாக ரீட்மீயில் எழுதிவைத்துப் பின்பற்றுங்கள்.

எல்லாம் பச்சையானதும் மெர்ஜ். மூன்று வகை இருக்கிறது. கமிட்டுகளை அப்படியே வைத்து இணைப்பது ஒன்று, எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகச் சுருக்குவது 'ஸ்குவாஷ்', ஒவ்வொன்றையும் மெயினின் நுனியில் வரிசையாக அடுக்குவது 'ரீபேஸ்'. சிறிய குழுவுக்கு நான் ஸ்குவாஷைப் பரிந்துரைப்பேன். ஒரு புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு கமிட் என்று மெயினின் வரலாறு படிக்கும்படி இருக்கும். மெர்ஜ் ஆன பிராஞ்சை அங்கேயே வரும் பொத்தானில் அழித்துவிடுங்கள்.

மெர்ஜ் செய்தபின் ஏதோ உடைந்துவிட்டதா? அதே புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் 'ரிவர்ட்' பொத்தான் இருக்கிறது. அது மாற்றத்தைத் திருப்பும் இன்னொரு புல் ரிக்வெஸ்டைத் திறக்கும். முதலில் திருப்பிவிட்டு மெயினை ஓடவைத்துவிட்டு, அப்புறம் நிதானமாகக் காரணம் தேடலாம்.

ரகசியங்கள் விஷயத்தில் மட்டும்

நான் இருந்த ஒரு குழுவில், டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்த 'டாட் என்வ்' கோப்பு கமிட்டோடு சேர்ந்து புஷ் ஆகிவிட்டது. கவனித்ததும் அடுத்த கமிட்டில் கோப்பை அழித்தோம், சரியாகிவிட்டது என்று நினைத்தோம். சில நாள் கழித்து வேறு எதையோ தேடிப் பழைய கமிட்டைத் திறந்தபோது அந்தக் கடவுச்சொல் அங்கேயே, முழுதாக, யாரும் படிக்கும்படி இருந்தது. வரலாற்றை வைத்திருப்பதுதான் கிட்டின் வேலை, கடைசி நிலையில் அழித்தால் வரலாற்றிலிருந்து போகாது.

இப்படி நடந்தால் முதலில் செய்ய வேண்டியது வரலாற்றைச் சுத்தம்செய்வது அல்ல. அந்தக் கடவுச்சொல்லையோ சாவியையோ உடனே மாற்றுங்கள். வெளியே போனது போனதுதான், பழையது செல்லாமல் போவது ஒன்றே பாதுகாப்பு. அதன் பிறகு கோப்பின் பெயரைக் கிட்இக்னோரில் சேருங்கள். ஏற்கெனவே கமிட் ஆன கோப்பைக் கிட்இக்னோர் கண்டுகொள்ளாது, அதனால் 'கிட் ஆர்எம்' கட்டளையோடு இரட்டை ஹைஃபன் கேஷ்ட் கொடுத்துக் கண்காணிப்பிலிருந்து விலக்கவும் வேண்டும். ஆக்‌ஷன்ஸுக்குத் தேவையான சாவிகளை ரெப்போ அமைப்புகளில் 'சீக்ரெட்ஸ்' என்ற பகுதியில் வைக்கலாம்.

பெரிய கோப்புகளிலும் கவனம் தேவை. 50 எம்பியைத் தாண்டினால் எச்சரிக்கும், 100 எம்பியைத் தாண்டினால் புஷ்ஷையே மறுத்துவிடும். அவற்றுக்குக் கிட் எல்எஃப்எஸ் என்ற தனி வசதி இருக்கிறது.

பழைய வரி ஒன்று

காரணத்தை எழுதுங்கள் என்று இவ்வளவு தூரம் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை கட்டண முறையைக் கையாளும் கோப்பில் '3 விநாடி காத்திரு' என்று ஒரு வரியைப் பார்த்தேன். பக்கத்தில் குறிப்பு எதுவும் இல்லை. நிரலை வீணாகத் தாமதப்படுத்துகிறது என்று அழிக்கப் போனேன். அதற்கு முன் கிட்ஹப்பில் அந்தக் கோப்பைத் திறந்து 'பிளேம்' பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று அது காட்டும். கமிட்டைச் சொடுக்கினேன், அது ஒரு புல் ரிக்வெஸ்டுக்குப் போனது, அங்கிருந்து ஓர் இஷ்யூவுக்கு. பயனர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் எதிர்ப்பக்கச் சேவை இரண்டு முறை பணம் எடுத்துவிடுகிறது, முதல் பதில் வர இவ்வளவு நேரம் ஆகிறது என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. எழுதியவர் குழுவை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. அவர் எழுதிவைத்த நான்கு வரி, பயனர்களிடம் இரண்டு முறை பணம் பிடிக்கப்படாமல் அன்று காப்பாற்றியது.

பொத்தான் பெயர் 'பிளேம்' என்று இருந்தாலும், யார் தவறு என்று தேடுவதற்காக அதைத் திறக்காதீர்கள். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பதற்காகத் திறங்கள்.

முதல் புல் ரிக்வெஸ்டை எங்கே தொடங்குவது

'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற லேபிள் இருந்தால் அதிலிருந்து ஒன்றை எடுக்கலாம். அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது, ரீட்மீ. புதிதாகச் சேர்ந்த உங்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. ரெப்போவைக் குளோன் செய்து, ரீட்மீயில் சொல்லியிருப்பதை வரிக்கு வரி அப்படியே செய்துகொண்டு போங்கள். எங்கேயாவது நிற்கும். ஒரு பதிப்பு எண் பழையதாக இருக்கும், ஒரு படி விடுபட்டிருக்கும், குழுவில் எல்லோருடைய கணினியிலும் ஏற்கெனவே இருப்பதால் யாருக்கும் எழுதத் தோன்றாத ஒரு மென்பொருள் தேவைப்படும். பழையவர்களுக்கு இது கண்ணில் படாது. நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த ஒரு படியைச் சேர்த்து பிராஞ்ச், கமிட், புல் ரிக்வெஸ்ட் என்று மேலே சொன்ன வரிசையில் அனுப்புங்கள். விளக்கத்தில் "புதிய கணினியில் நிறுவும்போது இங்கே நின்றது" என்று எழுதி, வந்த பிழைச் செய்தியை அப்படியே ஒட்டிவிடுங்கள்.